கூடாது என்று சொல்லப் போன விவரம்

சால்டில்லோ,
ஜனவரி 8.

பெருமதிப்பிற்குரிய லியோகாதியா அக்காவின் சமூகத்துக்கு, தம்பி நசாரியோ பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. இங்கே நானும் பூனையும் சுகம். மொந்தெர்ரேயில் நீயும் அத்தானும், அறுவை செய்துகொண்ட அத்தானின் முழங்காலும் சுகமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நேற்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் உனக்கு போன் செய்து, "அக்கா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் நீ, "வந்துமில்லை போயுமில்லை, போன்ல உனக்குப் பொய் தானா வரும், நடந்ததை நடந்தபடி எழுதி, அடியில கையெழுத்துப் போட்டு அனுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டாய். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு நடந்ததை நடந்தபடி எழுதத் தெரியாதா? எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை நீ உட்கார்ந்தே இருப்பது நல்லது.

ஆறாம் தேதி காலையில் நீ கூப்பிட்டபோது பூனைக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். "டேய், கல்யாணமாம்டா!" என்றாய். "யாருக்கு?" என்று கேட்டது என் தப்புதான். "யாருக்கா? அப்பாவுக்குடா! எண்பத்தோரு வயசுல!" என்று நீ போட்ட சத்தத்தில் மீன் கீழே விழுந்து, முள்ளோடு பூனை தின்றுவிட்டது. சோலேதாத் அத்தை உனக்குத் துப்புக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் மூன்று ராஜாக்கள் திருநாள் ரொட்டியை வெட்டும்போது ஊரைக் கூட்டி அப்பா சொல்லப்போகிறார். அத்தானை விட்டு உன்னால் நகர முடியாது. ரிடையர் ஆகிச் சும்மா இருப்பவன் நான்தான். ஆகவே உடனே சகதேகாஸுக்குக் கிளம்பி, எல்லார் முன்னாலும் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ராத்திரி எங்காவது தலையைச் சாய்த்துவிட்டு, காலை பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். "அம்மா போய் அஞ்சு வருஷம்கூட ஆகலை. 'அப்பா, இது கூடாது.' அவ்வளவுதான். எங்க, சொல்லு பார்ப்போம்" என்றாய். சொன்னேன். "சத்தமா" என்றாய். சத்தமாகச் சொன்னேன். பூனை சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. "இப்படியே போய்ச் சொல்லு. அந்த வீட்டுல கை நனைக்காதே" என்றாய். இதையெல்லாம் உனக்கு ஞாபகப்படுத்துவதற்காக எழுதவில்லை. நான் எவ்வளவு உறுதியோடு கிளம்பினேன் என்பதற்குச் சாட்சியாக எழுதுகிறேன்.

அவ்வளவு உறுதியில் கிளம்பியதால், காலில் இருப்பது வீட்டுச் செருப்பு என்பதை பஸ் ஊரைத் தாண்டிய பிறகுதான் பார்த்தேன். பின்னல் போட்ட, பழுப்பு நிறச் செருப்பு. டிரைவரிடம் போய், "வண்டியைத் திருப்ப முடியுமா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்ததோடு சரி. திரும்பி வந்து உட்கார்ந்து மனசுக்குள் பாடத்தை ஒப்பித்துக்கொண்டே வந்தேன். கூடாது, கூடாது, இது கூடாது. பக்கத்து சீட்டு அம்மாள் மடியில் ஒரு பெரிய ரொட்டிப் பெட்டி. "அண்ணே, இதை உங்க மடியிலயும் பாதி வெச்சுக்கட்டுமா?" என்றாள். "கூடாது!" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ பழக்கிவிட்ட அதே சத்தத்தில். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, அந்தப் பெட்டி முழுவதையும் என் மடியிலேயே வாங்கி வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. அப்பாவுக்கென்று சால்டில்லோவிலிருந்து வாங்கிப் போன ரொட்டியின் மேலேயே அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தேன் என்பது எழுந்த பிறகுதான் தெரிந்தது.

அப்பா வீடு பூட்டியிருந்தது. கதவில் ஒரு சீட்டு: "எர்மினியா வீட்டில் இருக்கிறேன். அவசரமானால் அங்கே வரவும். அவசரம் இல்லாவிட்டாலும் வரவும்." அப்பா கட்டிக்கொள்ளப்போகிற அந்த அம்மாள் வீடு எங்கே என்கிறாய்? மேலே, மேலே, அதற்கும் மேலே. அந்த ஊரில் எந்த வீட்டுக்குத்தான் சமதரையில் நடந்து போக முடிகிறது? ஜனவரிக் குளிரில், வழுக்கும் கல் படிகளில், வீட்டுச் செருப்போடு ஏறினேன். பாதியில் இடது செருப்பின் அடித்தோல் கழன்று கீழே உருண்டது. அதை எடுக்க இறங்கினால் மறுபடி ஏற முடியாது என்று விட்டுவிட்டேன். மேலே போய்ச் சேர்ந்தபோது 'கூடாது' என்ன, 'தண்ணீர்' என்று சொல்லக்கூட மூச்சு இல்லை.

கதவைத் திறந்தது அப்பா. முகத்தை மழித்து, மயிரைப் படிய வாரி, புதுக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். "வாடா நசாரியோ! இதென்ன கால்ல? சால்டில்லோவுல இப்ப இதுதான் ஃபேஷனா?" என்றார். உள்ளே நுழைந்தால், அக்கா, அலமாரி, நாற்காலி, ஜன்னல் விளிம்பு, ரொட்டிக்கூடை எல்லாவற்றிலும் குழந்தை இயேசு. ஊரார் பிப்ரவரி இரண்டாம் தேதி கோயிலுக்கு எடுத்துப்போகும் பொம்மைகளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுப்பதுதான் எர்மினியாவின் தொழிலாம். நாற்பத்திரண்டு குழந்தைகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் உரிமையாளர் பெயரெழுதிய சீட்டு, பாதிக்கு மேல் உடுப்பில்லாமல், எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு. நடுவில் அப்பா ஊசியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். சுரங்கத்தில் நாற்பது வருஷம் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டிய அந்தக் கை, பட்டாணி அளவு பட்டனை ஒரு சுண்டுவிரல் நீளச் சட்டையில் தைக்கிறது! எர்மினியாவுக்கு எழுபது வயசு இருக்கும், குட்டையான, வேகமான பெண்பிள்ளை. உதட்டில் ஆறு குண்டூசியைக் கடித்துக்கொண்டே தெளிவாகப் பேசுகிறாள். "எவாரிஸ்தோ, இது சட்டையா, கோணிப்பையா? பட்டனைப் பிரிச்சுட்டு மறுபடி தை." அப்பா பிரித்தார், அக்கா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சூப்பில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடும் நம் அப்பா.

கை நனைக்கக் கூடாது என்ற உன் கட்டளை எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் சோலேதாத் அத்தை என் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்து முன்னால் தட்டை வைத்துவிட்டாள். சிவப்பு மிளகாயும் சாக்லேட்டும் போட்ட பன்றிக்கறி. அந்த ஊரில் அதற்குப் பெயரே கல்யாணக் கறி என்றிருக்க, எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். மூன்றாம் தடவை வாங்கிக்கொண்ட பிறகுதான் உறைத்தது.

பிறகு, ஊரார் இருபது பேர் கூடியதும் ரொட்டி வந்தது. ரொட்டிக்குள் ஒளித்துவைத்த பிளாஸ்டிக் பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவர் தலையில் பிப்ரவரி இரண்டாம் தேதி அத்தனை பேருக்கும் தமால் அவித்துப் போடும் வேலை விழும் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டில் வருஷா வருஷம் அது யார் தலையில் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. சோள மாவு பிசைந்து, மடலில் பொதிந்து, அண்டா அண்டாவாக அவித்து முடிப்பதற்குள் முதுகு கழன்றுவிடும். ஆகவே நான் கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஒரு துண்டு வெட்டினேன். அத்தை பார்த்துவிட்டாள். "ஏண்டா, ரொட்டியை வெட்டுறியா, சவரம் பண்றியா?" எல்லாரும் சிரித்தார்கள். கடித்தேன். பல்லில் பிளாஸ்டிக் தட்டியது. அக்கா, அந்தக் கண்ணாடித் துண்டுக்குள் எப்படித்தான் படுத்திருந்ததோ! சுற்றிலும் இருபது பேர், எல்லார் கண்ணும் மற்றவர் வாயில். நான் என்ன செய்வேன்? நாக்கால் தள்ளி இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன்.

"என்னடா கன்னம் வீங்கியிருக்கு? பல்வலியா?" என்றாள் அத்தை. தலையாட்டினேன். "கிராம்பு வெச்சா சரியாப்போகும்" என்று எழுந்தாள். அந்த நேரம் பார்த்து அப்பாவும் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "எல்லாரும் கேளுங்க. பிப்ரவரி ரெண்டாந்தேதி, பூசை முடிஞ்சதும், நானும் எர்மினியாவும் கல்யாணம் பண்ணிக்கப்போறோம். என் மகன் சொல்லாம கொள்ளாம, செருப்புகூட மாத்தாம ஓடி வந்திருக்கான். அவனா வந்திருக்க மாட்டான். அனுப்பினது யாருன்னு எனக்குத் தெரியும். சரி, அவளுக்கும் சேர்த்து நீயே சொல்லுடா நசாரியோ. இது கூடுமா, கூடாதா?"

அக்கா, நீ சொல்லிக்கொடுத்த அதே வார்த்தையை அவரே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். திருப்பிச் சொன்னால் போதும். ஆனால் வாய்க்குள் பொம்மை! வாயைத் திறந்தால் அது இருபது பேர் முன்னால் மேஜையில் விழும். அறுபது வயசுக்காரன் தமாலுக்குப் பயந்து பொம்மையை ஒளித்தான் என்று ஊர் சிரிக்கும். நம் குடும்பப் பெயர் என்ன ஆகும்? அந்த ஒரு நொடியில் குடும்ப மானத்தை நினைத்துத்தான், வேறு எதையும் நினைத்து அல்ல, தலையை ஆட்டினேன். பக்கவாட்டில் ஆட்ட நினைத்ததுதான். அது மேலும் கீழுமாக ஆடிவிட்டது. உடனே கைதட்டல், கட்டிப்பிடித்தல், முதுகில் அடி. ஒவ்வொரு அடிக்கும் பொம்மை தொண்டைப் பக்கம் நகர்ந்தது. "மோதிரத்துக்கு ஞானத்தகப்பன் நீதானே, செலவும் உன்னுதுதானே?" தலையாட்டினேன். "கேக்குக்கு?" ஆட்டினேன். "மேளக்காரங்களுக்கும் நீயே இருந்துடேன்!" ஒரு தடவை ஆட ஆரம்பித்த தலை நிற்கவில்லை.

அன்றைக்கு அங்கேயே, அந்த நாற்பத்திரண்டு குழந்தைகளுக்கு நடுவில் ஒரு கட்டிலில் படுத்தேன். தூங்கினேன் என்று சொல்ல முடியாது. காலையிலாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அத்தை வைத்த கிராம்பில் நாக்கு வெந்துபோய் வார்த்தை வரவில்லை. அதோடு, "இந்தக் கால்ல எப்படிடா இறங்குவே, என்னுதைப் போட்டுக்கோ" என்று அப்பா தன் ஷூவைக் குனிந்து என் காலில் மாட்டி, கயிறும் கட்டிவிட்டார். இரண்டு அளவு சிறிசு. ஒருவரின் ஷூவைப் போட்டுக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே எப்படி மறுப்புச் சொல்வது? பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்று என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார்.

ஆகவே அக்கா, நடந்தது ஒரு விபத்து. என் சம்மதம் செல்லாது. ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் காரணமாகப் பேச முடியாத நிலையில் இருந்தவனிடம் வாங்கிய சம்மதம் அது. பிப்ரவரி ஒன்றாம் தேதியே நான் திரும்பப் போய், வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, நீ சொன்னபடி, நீ சொன்ன சத்தத்தில் சொல்லிவிடுகிறேன். நீ ரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலை மடக்க வேண்டாம் என்று சொல். நாற்பத்திரண்டு குழந்தை இயேசுவும், உடுத்தினவரும் உடுத்தாதவரும், உன் வீட்டையும் உன் கோபத்தையும் காத்து ரட்சிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சொல்லைத் தட்டாத தம்பி,
நசாரியோ (கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்)

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்திருக்கிறேன். அக்கா, அப்பா எழுந்து பேசிய நேரத்தில் என் வாயில் பொம்மை இல்லை. கிராம்பு எடுத்துவர அத்தை திரும்பின உடனேயே கைக்குட்டையில் துப்பிவிட்டேன். வாய் காலி. 'கூடாது' நாக்கு நுனியில் தயாராக நின்றது, சத்தத்தோடு. அப்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பயந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து! மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் என்ன சொல்வேனோ என்று பயந்துகொண்டு நின்றார். போன தடவை நான் பார்த்தபோது, சத்தத்தை நிறுத்திவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் அவர். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. அப்போது அவருக்கு எதைப் பற்றியும் பயம் இல்லை. அதைப் பார்த்துவிட்டு வந்து உன்னிடம், "நல்லாத்தான் இருக்கார்" என்று போனில் சொன்னேனே, அது பொய். அதற்குப் பிறகு மூன்று வருஷம் நானும் போகவில்லை, நீயும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிஷ போனோடு சரி. எனக்கு மனசு வரவில்லை அக்கா. நான் ஒன்றாம் தேதி எதையும் சொல்லப்போவதில்லை.

இன்னும் ஒன்று. கல்யாணத்துக்கு அறுபது பேர் வருகிறார்கள். "தமால் எல்லாம் லியோகாதியா வந்து அவிச்சுடுவாளா?" என்று அப்பா கேட்டார். அதற்கும் தலையாட்டிவிட்டேன். அப்போதும் வாய் காலியாகத்தான் இருந்தது. பெரிய அண்டாவோடு முப்பதாம் தேதியே வந்துவிடு.