ஐஸ் அண்ணே சேர்த்து வைத்த வருடம்

பினாங்குத் தீவிலேயே அதிகமாக ஐஸ் வாங்கியவர் யார் என்று கேட்டால், நீங்கள் ஏதாவது மீன் வியாபாரியைச் சொல்வீர்கள். தவறு. ஜெலுத்தோங்கில் எங்கள் கல்லூரி ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த கூடைப்பந்து ஆட்டக்காரர்தான் அவர். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. கல்லூரியில் அதைச் சொல்லித் தேடினால் யாரும் வழி காட்ட மாட்டார்கள். அவர் எல்லோருக்கும் ஐஸ் அண்ணே.

சாயங்காலமானால் வலது முட்டியில் ஐஸ் வைத்துக் கட்ட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஹாஸ்டல் ஃப்ரிட்ஜ் எதையும் உறையவைப்பதை எப்போதோ விட்டுவிட்டது. ஆகவே கீழே இருந்த மாமாக் கடை என்கிற டீக்கடைக்கு நொண்டிக்கொண்டே போவார். அங்கே தே ஓ ஐஸ் என்றால் பாலில்லாத ஐஸ் டீ, பங்குஸ் என்றால் பார்சல்.

“பாய், தே ஓ ஐஸ் ஒண்ணு பங்குஸ். தே வேணாம்.”

“தே இல்லாம தே ஓ ஐஸா?”

“ஆமா பாய். சீனியும் வேணாம்.”

“ஐஸ்னு கேட்டா போதாதா தம்பி?”

“வெறும் ஐஸுக்கு நீங்க காசு வாங்க மாட்டீங்க. ஓசி ஐஸ் அவனுக்கு ஒத்துக்காது.”

அவன் என்றால் முட்டி. பாய் ஐஸை பிளாஸ்டிக் பையில் அள்ளிப்போட்டு, ராஃபியா கயிற்றால் கட்டி, பழக்கதோஷத்தில் ஒரு ஸ்ட்ராவையும் செருகிக் கொடுப்பார். அண்ணே அதை எடுக்க மாட்டார். ஸ்ட்ராவோடு பையை முட்டியில் கட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்களுக்கு முட்டி தாகமாகக் குடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

எங்கள் லீக்கில் ஒருவர் நான்கு சீசன்தான் ஆடலாம். ஆனால் ஒரு சலுகை உண்டு. சீசன் ஆரம்பத்திலேயே அடிபட்டு, டாக்டரும் அதை உறுதிசெய்து, அதற்குப் பிறகு ஆட்டத்தில் இறங்காமலே இருந்துவிட்டால் அந்த வருடம் கணக்கில் வராது. அடுத்த வருடம் ஆடிக்கொள்ளலாம். அண்ணேயின் நான்காவது சீசனில், முதல் ஆட்டத்திலேயே, எகிறிக் குதித்து இறங்கியபோது முட்டி பிசகியது. மற்றவன் என்றால் அழுதிருப்பான். இவர் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே, “அப்ப எனக்கு இன்னொரு வருஷம் இருக்குலா?” என்று கோச்சிடம் கேட்டார்.

அந்த வருடத்தை அவர் காப்பாற்றிய விதம்தான் கல்லூரி முழுக்கப் பேச்சு. ஜெர்சி போட்டுக்கொண்டு எல்லா ஆட்டத்துக்கும் வந்து பெஞ்சின் கடைசியில் உட்காருவார். ஆனால் திடலின் வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அவருக்கு நடுக்கம். தெரியாமல் கால் உள்ளே பட்டுவிட்டால்கூட வருடம் போய்விடும் என்று நம்பினார். தண்ணீர் கொடுப்பதென்றால் கோட்டுக்கு வெளியே நின்று, இடுப்பை வளைத்து, கையை மட்டும் நீட்டுவார். வியர்வை சிந்திய இடத்தை நீளக் கம்பு கட்டிய மாப்பால் வெளியிலிருந்தே துடைப்பார். ஆட்டம் நடக்காதபோது உள்ளே போனால் ஒன்றுமில்லை என்று கோச் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்.

“உங்களுக்குத் தெரியும் கோச். கோட்டுக்குத் தெரியுமா?” என்றார் அண்ணே.

நான் அந்த அணியின் டைம்கீப்பர். பந்து என் பக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன் என்பதால் கடிகாரத்தைக் கொடுத்து மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் மாடி விளையாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கியது. அணியில் பேர் இருக்கும்வரை கட்டில் உண்டு. அதோடு மாணவனாகவும் இருக்க வேண்டுமே, அதற்காக அண்ணே கணக்கியல் பாடம் ஒன்றைப் பாஸ் செய்யாமலே பத்திரமாக வைத்திருந்தார். பரீட்சைத் தாளில் பெயரை மட்டும் அழகாக எழுதிவிட்டு எழுந்து வந்துவிடுவார். பாடம் எடுத்த மேடம் ஒருநாள் கேண்டீனில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுப்பா. நான் பாஸ் போட்டுடறேன்.”

“அவசரப்படாதீங்க மேடம்” என்று அவரையே சமாதானப்படுத்தி அனுப்பினார்.

இவ்வளவும் பந்து மேல் உள்ள பைத்தியம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன். எனக்குத் தெரியும். அவருடைய செட் பையன்கள் எல்லோரும் பட்டம் வாங்கிக்கொண்டு கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். சாப்பிடக் கிளம்பும்போது அவர்கள் அறைக் கதவுகளைத் தட்டிக்கொண்டு போகும் பழக்கம் மட்டும் இவரை விட்டுப் போகவில்லை. புதுப் பையன் யாராவது கதவைத் திறந்து, “என்ன அங்கிள்?” என்பான். “சும்மாலா” என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய்ச் சாப்பிட்டு வருவார்.

தீபாவளிக்கு ஹாஸ்டலே காலியாகும். அவர் போக மாட்டார். “ஹாஸ்டல யார் பாத்துக்கிறது?” என்பார். ஒருமுறை நான் முறுக்கோடு சீக்கிரமே திரும்பி வந்தேன். துவைத்து மடித்து வைத்திருந்த அணி ஜெர்சிகளையெல்லாம் மறுபடியும் துவைத்து, வராந்தா முழுக்கக் காயப்போட்டு, நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“வீட்டுக்குப் போயிருக்கலாம்லண்ணே. சிம்பாங் அம்பாட் என்ன தூரமா? பினாங்குப் பாலத்தத் தாண்டினா வந்துடும்.”

“அம்மா போனப்புறம் என் ரூம்ல வாஷிங் மெஷின் வச்சுட்டாங்கடா தம்பி” என்றார். “நல்ல மெஷின். அண்ணி பாவம், கையில துவைச்சிட்டிருந்தாங்க. போன தடவை அது பக்கத்துல படுத்தேன். சுத்த ஆரம்பிச்சா பாலம் வரைக்கும் போய்ட்டு வர்ற மாதிரி இருக்கு.”

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு முறுக்கைப் பிரித்து வைத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த சீசனின் கடைசி ஆட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். எங்கள் அணி அதற்கு முன்பே வெளியேறிவிட்டது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். பாதிப் பேர் பரீட்சையைச் சாக்குச் சொல்லி வரவில்லை. ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்கு. கடைசி நிமிடங்களில் இன்னொருவன் ஃபவுல் வாங்கியே வெளியே போனான். உள்ளே நான்கு பேர். எதிரணி எங்களை எங்கேயோ விட்டுவிட்டுப் போயிருந்தது.

கேப்டன் குமரன் மூச்சிரைக்க பெஞ்சைப் பார்த்தான். அதுவரை அண்ணேயிடம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கேட்டறியாத பையன் அவன்.

“அண்ணே, ஆள் இல்லண்ணே. வாங்களேன். எங்ககூட ஆடுங்க.”

கோச் குறுக்கே கை நீட்டினார். “வேணாம். நாலு பேரே ஆடலாம், ரூல் இருக்கு. எறங்கினா உன் வருஷம் போயிடும்டா.”

அண்ணே குமரனைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து, முட்டியில் கட்டியிருந்த ஐஸ் பையை அவிழ்த்து என் மேசைமேல் வைத்தார்.

“ஆள் எறங்குது. ஹார்ன் அடி தம்பி.”

“அண்ணே, ரூம் போயிடும்ணே.”

“அடி.”

அடித்தேன். புதுப்பெண் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். அடிபட்ட அதே காலை.

அங்கே அவர் சாகசம் ஏதும் செய்யவில்லை. நொண்டி நொண்டி எல்லோருக்கும் பின்னாலேயே ஓடினார். பந்து ஒரே ஒரு தடவை கைக்கு வந்தது. “போடுங்கண்ணே” என்று நான்கு பேரும் கத்தினார்கள். போட்டார். வளையம், பலகை, வலை எதையும் தொந்தரவு செய்யாமல் அது நேராகத் துப்புரவு செய்யும் அக்காவின் வாளிக்குள் போய் விழுந்தது. மூன்று மாதமாய் அவரிடம் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்த பையன்கள் ஓடிவந்து அவர் முதுகில் தட்டினார்கள். தோற்றோம்.

அன்று சாயங்காலம் அணி முழுக்க மாமாக் கடையில் இருந்தது. அண்ணே நடுவில்.

“பாய், தே ஓ ஐஸ்.”

பாய் வழக்கம்போல் பையை எடுத்தார்.

“கிளாஸ்ல குடுங்க பாய். தேயும் ஊத்துங்க.”

பிறகு அந்தக் கணக்கியல் பாடத்தை எழுதினார். வகுப்பிலேயே முதல் மார்க். மேடம் அழுதேவிட்டாராம். பெட்டி கட்டிய அன்று, வாசலில் கிராப் வாடகைக் கார் நிற்கும்போது கேட்டேன்.

“ஒண்ணுத்துக்கும் ஆகாத மேட்ச்சுண்ணே. ஏன் போனீங்க?”

“கூப்ட்டாங்கடா” என்றார்.

இப்போது அவருக்குப் பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, பக்கத்திலேயே வாடகை அறை. போன் செய்தால், “வர்றேன்லா, இந்த வாரம் ஷிஃப்ட் மாத்திட்டாங்க” என்பார். பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். ஆனாலும் வாரங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. நானும் ஜெலுத்தோங் ஃப்ளாட் ஒன்றில் தனியாக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் பழைய அணிக்கு டைம்கீப்பராகப் போகிறேன், கூப்பிடுகிறார்கள் என்பதால்.

போகிற வழியில் பாயிடம் நின்று, தே இல்லாத தே ஓ ஐஸ் ஒன்று பங்குஸ் வாங்கிக்கொள்வேன். பெஞ்சின் கடைசி இடத்தில் வைப்பேன். யாருக்கு என்று புதுப் பையன்கள் கேட்பார்கள்.

“தள்ளி உக்காருங்கடா. ஒரு அண்ணே வருவாரு.”