ஆளுக்கு ஒரு ஜிபி

அடுத்தவருக்கு அளவு வைப்பவர் என்றொரு இனம் உண்டு, கண்டிருப்பீர்கள். வீட்டில் மனைவியின் சீரியலுக்கு அரைமணி நேரம், மாமனாரின் காப்பிக்கு அரைக் கரண்டி சர்க்கரை என்று உத்தரவு போட்டுவிட்டு, தான் மட்டும் மூன்றாவது டம்ளரை நீட்டுவார். எனக்கு அவரை நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று அவருக்குத்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

கீரனூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபுக்கு நான் பொறுப்பாளன். முப்பது மாணவர்களுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே லினக்ஸ் சர்வர்தான். அது அடிக்கடி திணறி நின்றது. காரணம் யார்? மாணவர்கள்தான், வேறு யார்! விசாரிக்க வேறு வேண்டுமா? ஆளுக்கு ஒரு ஜிபி மெமரி, தாண்டினால் ஓடுகிற வேலையை அங்கேயே நிறுத்து என்று சர்வருக்குக் கட்டளை எழுதி, அதையே அறிவிப்பாக அச்சடித்துக் கதவில் ஒட்டி, கீழே கையெழுத்தும் போட்டு, என் பெயருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன். பொறுப்பாளன் இல்லையா?

செய்முறைத் தேர்வு வந்தது. வெளியூர்த் தேர்வாளர் சவரியப்பன் முன்னால் மாணவி வைஷ்ணவியின் புராஜெக்ட் ஒரு ஜிபியைத் தாண்டி இரண்டு முறை பாதியில் நின்றுபோனது. மூன்றாம் முறையும் நின்றால் அரியர். படிப்பு முடியுமுன்பே அவளுக்குக் கிடைத்திருந்த வேலையும் போய்விடும்.

"கண்டதையும் தொறந்து வச்சிருப்ப," என்றேன்.

"இது ஒண்ணுதான் சார் தொறந்திருக்கேன்." அழுதுவிடுவாள் போலிருந்தது.

"அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் கூட்டி விடுங்களேன்," என்றார் சவரியப்பன்.

"சர்வர்ல எடமே இல்லீங்க."

"அப்ப யாரு எடுத்துக்கிட்டு இருக்காங்கன்னு பெரிய திரையில போடுங்க, பாப்போம்."

போட்டேன். முதல் பெயர் என்னுடையது. மெமரியில் முக்கால் பங்கு என்னிடம். பிரவுசரில் நூற்றுப் பதினான்கு பக்கங்கள்: கட்டுமாவடி இறால் விலை, போன வருஷத்துத் திருச்சி பஸ் நேரம், மெமரியைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது எப்படி என்றொரு கட்டுரை. அதுவே மூன்று தடவை, ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

"சார், அதுல கொஞ்சம் மூடுனாப் போதும் சார்," என்றாள் வைஷ்ணவி மெதுவாக.

எல்லாவற்றையும் மூடினேன். இறாலிடம் மட்டும் கை சற்றுத் தயங்கியது. அவளுக்கு நாலு ஜிபி கொடுத்தேன். புராஜெக்ட் கடைசிவரை ஓடியது, தேறிவிட்டாள்.

மறுநாள் எனக்கும் ஒரு ஜிபி என்று அளவு வைத்துக்கொண்டேன். மத்தியானம் வரை தாங்கினேன். பிறகு அந்த அளவைத் தற்காலிகமாக எடுத்துவிட்டேன்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, சரி. உங்கள் போனில் எத்தனை பக்கங்கள் மூடாமல் கிடக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எல்லாம் தேவைதான் என்பீர்கள். கதவில் ஒட்டிய அறிவிப்பின் இன்னொரு பிரதி என்னிடம் இருக்கிறது. உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.