சரிசமமாகத் தூங்கிய தபால்

பீப்… பீப்… பீப்…

சத்தம் வந்தபோது நான் அலுவலகச் சமையலறையில் காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் என் முறை. துறைத் தலைவரானாலும் முறை வந்தால் எங்கள் மாவட்ட நிர்வாகத்தில் கோப்பை கழுவியே தீரவேண்டும். என் இரவு வேலை காலை ஏழு மணிக்கே முடிந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை. பதினேழு வருஷம் ராத்திரி முழித்தவனுக்கு ஒருவழியாகப் பகல் வேலை ஒதுக்கியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் சம்மதம் என்று மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அந்த இரண்டு வரியைப் பதினோரு முறை மாற்றி எழுதிவிட்டு, கோப்பைகளை முடித்துவிட்டு அனுப்பலாமென்று இருந்தேன். மணி பத்து இருபது.

ஈரக் கையோடு ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். பியோர்க்மோ தூங்கிவிட்டது. ஹால்னெஸ்ஸும் தூங்கிவிட்டது.

வடக்கே பியோர்க்மோ, தெற்கே ஹால்னெஸ். இரண்டு மாவட்டங்களையும் ஒன்றாக்கியபோது, மேற்படி நிர்வாகத்தின் மின்னஞ்சல் கடிதப் போக்குவரத்து எக்காலத்தும் தடைபடலாகாது என்று ஊருக்கொரு கணினி நிலையம் வைத்தோம். ஒவ்வொன்றிலும் இரண்டு கணினி. ஒவ்வொரு கடிதத்துக்கும் நாலு பிரதி. நடுவிலுள்ள கேபிள் அறுந்தால் ஒவ்வொரு ஊரும் மற்றது செத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். இரண்டும் தனித்தனியே கடிதம் வாங்க ஆரம்பித்தால் ஒரே நிர்வாகத்துக்கு இரண்டு உண்மை உண்டாகிவிடும். அதனால் கணினிக்கு ஒரு ஓட்டு. பாதிக்கு மேல் ஓட்டுள்ள பக்கம் விழித்திருக்கும், மற்றது தூங்கும். நாலு ஓட்டு இரண்டுக்கு இரண்டாகிவிடக் கூடாதே என்று ஐந்தாவதாக, கடிதமே வைத்துக்கொள்ளாத சின்னக் கணினி ஒன்று. அதன் பெயர் சாட்சி.

சாட்சியை எங்கே வைப்பது என்று பதினான்கு கூட்டம் நடந்தது.

"எங்க ஊர்லதான்," என்றார் வடக்குத் தலைவர் தூர்வால்ட்.

"ஏன், எங்க ஊர் கரண்டு என்ன மட்டமா?" என்றார் தெற்குத் தலைவி ராக்ன்ஹில்ட்.

"மூணாவதா ஒரு ஊர்ல வைக்கலாமே," என்றேன் நான்.

"அந்த ஊருக்கு நாம எதுக்குக் கட்டுப்படணும்?" என்றார்கள் இருவரும். அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

பதினான்காம் கூட்டத்தில் நீதி பிறந்தது. ஊருக்கு ஒரு சாட்சி.

"அப்ப மூணுக்கு மூணு ஆயிடுமே. கேபிள் அறுந்தா ரெண்டும் படுத்துக்கும்," என்றேன்.

"இங்வே, நீ ராத்திரி ஆளு. உனக்கு எல்லாம் இருட்டாத்தான் தெரியும்," என்றார் தூர்வால்ட். "அறுந்தா நாங்க ரெண்டு பேரும் கலந்து பேசி எதை எழுப்பறதுன்னு முடிவு பண்ணுவோம். அந்தக் கூட்டத்துக்கு அஞ்சு நாள் முன்னாடி மின்னஞ்சல்ல அழைப்பு வரும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேஜையில் பச்சை மேல்பூச்சுக் கேக் காத்திருந்தது. ஏகமனதானால்தான் கத்தியை எடுப்பார்கள். எனக்கோ தூக்கம். தலையாட்டினேன். கூட்டக் குறிப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் முறையும் அன்று என்னுடையதுதான்.

இப்போது பாலத்தடியில் பள்ளம் தோண்டும் இயந்திரம் கேபிளை அறுத்திருந்தது. தலைவர்கள் இருவரையும் ஒரே அழைப்பில் தொலைபேசிக்கு இழுத்தேன்.

"எந்தப் பக்கத்தை எழுப்பட்டும்? ஒரு வரி தட்டினாப் போதும். ஆனா உங்க ரெண்டு பேர் ஒப்புதலும் வேணும்."

"அழைப்பு வரலையேப்பா," என்றார் தூர்வால்ட்.

"வராது. மின்னஞ்சலே கிடையாது இப்ப."

"அழைப்பு இல்லாம எப்படிப் பேசறது?" என்றார் ராக்ன்ஹில்ட். "அப்புறம் ஒரு பக்கமா சாஞ்சுட்டோம்னு ஆயிடும்."

பதினொன்று நாற்பதுக்கு, சம்மதத்தைத் தாளில் எழுதிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். ஆள் நியமனம் பார்க்கும் குன்வோர் புன்னகைத்தார்.

"ரொம்ப சந்தோஷம் இங்வே. மின்னஞ்சல்ல அனுப்பிடுங்க."

"அதுதான் வேலை செய்யலைங்க."

"அப்படியா? எனக்கு யாரும் எழுதலையே."

"நானே உங்க முன்னாடி வந்து நிக்கறேனே!"

"நிக்கறீங்க, இல்லேங்கலை. ஆனா நிக்கறதுக்குப் பதிவு எண் போட முடியாதே."

இரண்டு மணிக்குக் கேபிளை ஒட்டினார்கள். இரண்டு ஊரும் ஒரே நொடியில், யாரும் முந்தாமல், விழித்தன. முதலில் வந்த கடிதம் எனக்குத்தான்: 'உரிய காலத்தில் பதில் வராமையால் தங்களுக்கு விருப்பமில்லை எனக் கருதப்பட்டது. தங்கள் தொடர்ந்த இரவுப் பணிக்கு நன்றி.'

மறுநாள், முன்பே அழைப்பு அனுப்பியிருந்த மாதக் கூட்டத்திலேயே விசாரணை.

"மொத்தம் எத்தனை புகார் வந்தது?" என்றார் ராக்ன்ஹில்ட்.

"அந்த நாலு மணி நேரத்துல ஒண்ணுகூட இல்லை," என்றார் தூர்வால்ட் பெருமையாக.

"புகாரை மின்னஞ்சல்லதானே அனுப்பணும்?" என்றேன்.

"ஆமா. அதுலயே வரலை பாரு!"

சேவை தங்குதடையின்றி நடைபெற்றது என்று முடிவாயிற்று.

"என் பகல் வேலை?"

"அது வேற கூட்டம்ப்பா."

கேக் வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வேறு கூட்டத்துக்கும் இதே முகங்கள்தான் வந்து உட்காரும் என்று நினைத்துக்கொண்டேன். தலையாட்டினேன். குறிப்பில் 'ஏகமனதாக' என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

எல்லாரும் போனபின் மேஜையில் ஒன்பது தட்டு, ஒன்பது கோப்பை. வெள்ளிக்கிழமை, என் முறை இன்னும் முடியவில்லை. அடுக்கி எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தேன்.