பவளத்தைப் பட்டினி போட்டேன்

அந்தப் பவளத்தைக் கொன்றுவிடுவது என்று முடிவு செய்தேன்.

என்னைக் கொலைகாரன் என்று நினைக்காதீர்கள். முப்பது வருஷம் லாரி ஓட்டினேன். ஒரு கோழிமேல்கூட ஏற்றியதில்லை. ஆனால் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தே பழகிய உடம்பு இது. வேலையை விட்டபின் கூடத்து ஜன்னலோரம் நாற்காலி போட்டு, போகிறவன் வருகிறவனையெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. வண்ணமீன் கடை வைத்திருப்பவன். அவன் அக்காவுக்கு, அதாவது என் பெண்டாட்டிக்கு, ஆசையாக ஓர் உப்புத்தண்ணீர்த் தொட்டி கொண்டுவந்தான். எங்கே வைத்தார்கள்? என் ஜன்னலில்! பின்னால் கறுப்பு அட்டை வேறு. என் நாற்காலி கழிப்பறைக் கதவுக்கு எதிரே போய்ச் சேர்ந்தது. கல்யாணத்தன்று என் புதுச்செருப்பைப் போட்டுக்கொண்டு போனவன் இவன்தான். நான் எதையும் மறப்பவன் இல்லை.

தொட்டியில் ரெண்டு பவளம். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள்.

"இது என்னடி, கல்லா செடியா?"

"உசிருங்க. உள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. வெளிச்சம் பட்டா பாசி சமைக்கும். இது உட்கார்ந்த இடத்துல சாப்பிடும்."

"கொடுத்து வெச்சது."

"உங்களை மாதிரி. ஒண்ணு சொல்றேன், தொட்டி விளக்கை மட்டும் அணைச்சுடாதீங்க. பட்டினியில செத்துடும். செத்துதுன்னா தொட்டியையே தூக்கிடறேன். உங்க நாற்காலியைப் பழையபடி போட்டுக்குங்க."

எதிரி கையில் கத்தியையும் கொடுத்து, எங்கே குத்த வேண்டும் என்றும் காட்டிக்கொடுக்கிற பெண்டாட்டி எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

காலையில் விளக்கைப் போட்டுவிட்டு அவள் தையல்கடைக்குப் போவாள். நான் லாரி ஷெட்டுக்குப் போய்ப் பழைய சகாக்களிடம் அவளைப் பற்றிப் பேசிவிட்டு மத்தியானம் திரும்புவேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் டிக். விளக்கு அணைந்துவிடும். சாயங்காலம் வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் மறுபடியும் டிக்.

சில நாளில் பலன் தெரிந்தது. மஞ்சள் பவளம் உடம்பெல்லாம் வாய் பிளந்து கிடந்தது. 'சாகப்போகிறது, மூச்சு வாங்குகிறது' என்று மகிழ்ந்தேன். அவள் ஒரு சொட்டுக்குழாயால் வாய் வாயாக ஏதோ விட்டாள். வைத்தியம் நடக்கிறதாம்! நான் நாற்காலியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தேன்.

ஒரு சாயங்காலம் மச்சான் வந்தான். தொட்டியைப் பார்த்ததும் ரெண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். துக்கம் விசாரிக்கத் தயாரானேன்.

"அக்கா! என்னமா கொழுத்திருக்கு! கடையில எனக்கே இப்படி வரலியே!"

"கொழுத்திருக்கா?" என்றேன்.

"ஆமா அத்தான். மஞ்சள் ஜாதிக்குள்ள பாசியே கிடையாது. இருட்டினாத்தான் வாயைத் திறக்கும், தண்ணியில மிதக்கிற பூச்சியைப் பிடிச்சுத் தின்னும். அக்கா இறாலை அரைச்சு ஊட்டறா போலிருக்கு."

"பச்சை?"

"அதுக்குக் காலை வெளிச்சமே போதும். பாசி போடற சோறு பத்தலேன்னா அதுவும் பிடிச்சுத் தின்னும். அட, சில பாசியே இருட்டுல கிருமியைப் பிடிச்சுத் தின்னும் அத்தான்!"

இந்த உலகத்தில் பட்டினி போட்டால் ஒழுங்காகப் பட்டினி கிடக்கிறவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

"மத்தியானம் விளக்கை அணைக்கத் தானா இயங்கற சுவிட்சு வாங்கிக்கச் சொன்னேனே, வாங்கிட்டியாக்கா?"

"எதுக்குடா தண்டச்செலவு? வீட்டுலயே ஒண்ணு இருக்கு. மத்தியானத்துக்குச் சோறு வெச்சுட்டுப் போனா போதும், சாயங்காலம் வரைக்கும் வேலை செய்யும்."

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்கிட்டே நேரா 'அணைச்சு வை'ன்னு சொல்லியிருக்கலாமேடி!"

"சொல்லியிருந்தா அணைச்சிருப்பீங்களா?"

முப்பது வருஷம் லாரி ஓட்டியவனுக்கு, தன்னை ஒருத்தி ஓட்டுவது தெரியவில்லை. நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது, எண்ணெய்ப் பளபளப்போடு.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "தொட்டித் தண்ணி மாத்தணும். தம்பி வந்து செய்வான். நீங்க கை வைக்காதீங்க, உங்க இடுப்பு தாங்காது."

தாங்காதா? யார் இடுப்பைச் சொல்கிறாள்? மூட்டை தூக்கிய இடுப்பு இது! அந்தச் செருப்புத் திருடன் வந்து செய்வானாம்!

ரெண்டாவது வாளியைத் தூக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.