போல்டருக்குள் அறுபத்திரண்டு பேர்

கிருஷ்ணராஜ் மூன்றாவது தடவையாக அந்த மஞ்சள் போல்டரின் மேல் மவுஸை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவது தடவையும் அதே பதில்தான் வந்தது. சிவப்பு வட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் பெருக்கல் குறி, பக்கத்தில் அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே ‘ஓகே’ என்று ஒரே ஒரு பொத்தான். ஓகே என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல அது இடம் வைக்கவில்லை.

அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அந்த போல்டரில் இருக்கும் பெயர்ப் பட்டியல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மகள் சத்யபிரியாவின் கல்யாணப் பத்திரிகை அது. வைகாசி முகூர்த்த நெரிசல். திங்கள் பத்து மணிக்கு மேல் வருகிற எதையும் பதினைந்து நாளைக்குத் தொட முடியாது என்று அச்சகத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

பட்டியலில் மொத்தம் அறுபத்திரண்டு பெயர்கள். கோவில்பட்டிப் பக்கம் பத்திரிகையைப் பிரிப்பவர்கள் முகூர்த்த நேரத்தைப் பிறகுதான் பார்ப்பார்கள். தன் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது, அதற்கு மேலே யார், என்பதுதான் முதலில். மேலே இருக்க வேண்டியவர் கீழே போனால், அந்தக் குடும்பம் கல்யாணத்தன்று மண்டபத்து வாசலோடு திரும்பிவிடும்.

கிருஷ்ணராஜுக்கு அந்தச் சிக்கல் முதல் வரியிலேயே இருந்தது. அவருடைய அண்ணன் கொம்பையா புதூர்ப் பக்கம் மானாவாரி நிலத்தில் பாடுபட்டுத் தம்பியைப் படிக்க வைத்தவர். “எம் பேரு ரெண்டாவதா வந்தா நான் மூணாவது பந்திக்குக்கூட வரமாட்டேன்” என்று அவர் சொல்லியிருந்தார். மனைவி ராமலட்சுமியோ, பெண்ணின் தாய்மாமன் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்றாள். அந்தத் தாய்மாமன் அவளுடைய ஒரே தம்பி பூவனலிங்கம்.

கிருஷ்ணராஜ் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சரி என்று சொல்லிவிட்டார். பிறகு அண்ணன் பெயரை முதல் வரியிலும், மைத்துனன் பெயரை இரண்டாவது வரியிலும் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். எழுதிப் பார்த்த தாள்களைக் கிழித்து அடுப்பில் போட்டார். போல்டரைத் தன் ஒருவருக்கு மட்டும் என்று பூட்டினார். அச்சாகி வந்த பிறகு மனைவிக்குத் தெரிந்தால் போதும். அச்சான எழுத்தை யாராலும் நகர்த்த முடியாது.

அந்தக் கம்ப்யூட்டர் அவர் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் பிரிவில் ஆறு வருஷம் உழைத்துவிட்டு, கழிவு விலைக்கு வீட்டுக்கு வந்தது. தொடங்குவதற்கே ஏழு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். போன ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டர் மாத இதழில் வந்த ஒரு கட்டுரையை வரி வரியாகப் படித்து, எதையும் அழிக்காமல் விண்டோஸை மட்டும் புதிதாகப் போட்டார். ஏழு நிமிஷம் மூன்று நிமிஷமாகக் குறைந்தது. அந்த நான்கு நிமிஷ லாபத்துக்குக் கொடுத்த விலைதான் இந்தச் சிவப்பு வட்டம்.

நடந்தது இதுதான். விண்டோஸ் யாரையும் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும்போதே அவருக்கு ஒரு நீளமான எண்ணை ஒதுக்கிவிடும். போல்டரின் பூட்டில் பதிந்திருப்பது அந்த எண்தான். விண்டோஸைப் புதிதாகப் போட்டு, அதே கிருஷ்ணராஜ் என்ற பெயரையே கொடுத்தாலும், எண் வேறாகிவிடும். பழைய கிருஷ்ணராஜ் பூட்டியதைப் புதிய கிருஷ்ணராஜ் திறக்க முடியாது. பழையவர் காலமாகிவிட்டார்.

இது தெரியாத கிருஷ்ணராஜ், பழைய பாஸ்வேர்டையே புதியதற்கும் கொடுத்துப் பார்த்தார். பூட்டு அசையவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவருக்கு வேறு ஒரு யோசனை தோன்றியது. டியூப் லைட் மினுக்கினால் அணைத்துப் போடுகிறோம், எரிகிறது. அதுபோலத் தன்னுடைய அதிகாரத்தையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் என்ன?

விண்டோஸில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. எல்லாவற்றையும் மாற்றக்கூடிய நிர்வாகி ஒரு வகை. வெறுமனே உபயோகித்துவிட்டு எழுந்து போக வேண்டியவர் இன்னொரு வகை. கிருஷ்ணராஜ் தன்னை நிர்வாகியிலிருந்து இறக்கினார். இறக்கத்தைக் கம்ப்யூட்டர் உடனே ஏற்றுக்கொண்டது. மறுபடி ஏற்றிக்கொள்ளப் போனபோதுதான், ஏற்றுகிற அதிகாரம் நிர்வாகிக்கு மட்டுமே உண்டு என்று தெரிந்தது. அறையை விட்டு வெளியே வந்ததும் உள்தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது.

வீட்டில் இப்போது நிர்வாகி என்று மிஞ்சியிருந்தது ராமலட்சுமி ஒருத்திதான். விண்டோஸைப் புதிதாகப் போடும்போது யார் யார் உபயோகிப்பீர்கள் என்று அது கேட்க, அவர் தன் பெயரோடு அவள் பெயரையும் கொடுத்திருந்தார். அப்படி முதலிலேயே கொடுக்கிற எல்லாப் பெயருக்கும் அது முழு அதிகாரம் தந்துவிடும். புதன்கிழமை அவளை உட்கார வைத்து, பாஸ்வேர்டு என்றால் என்ன, அது ஏன் தேவை என்று முக்கால் மணி நேரம் விளக்கி, அவளையே ஒன்று போட வைத்ததும் அவர்தான்.

அடுப்படிக்குப் போய், அந்தப் பாஸ்வேர்டு என்ன என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

“புருஷங்கிட்டகூடச் சொல்லப்பிடாதுன்னு நீங்கதான சொன்னீங்க” என்றாள் ராமலட்சுமி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

“அது பொதுவாச் சொன்னது.”

“நானும் பொதுவாத்தான் சொல்லுதேன்.”

மறந்தவர்களுக்கு உதவியாக ஒரு குறிப்பை எழுதி வைக்க விண்டோஸ் இடம் கொடுக்கிறது. அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கேள்விக்குறியை கிருஷ்ணராஜ் தட்டினார். ‘எனக்குத் தெரியும்’ என்று ஆங்கில எழுத்தில் வந்தது.

கெஞ்சிக் கூப்பிட்ட பிறகு அவளே வந்து உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக அடித்தாள். தப்பு என்றது. இன்னும் இரண்டு தடவை அடித்தாள். தப்பு, தப்பு என்றது.

“மறந்துட்டுங்க” என்றாள். “அப்படி என்னதான் இருக்கு அதுக்குள்ள?”

“ஆபீஸ் லேபிள் படம்.”

“அப்ப லிங்கத்த வரச் சொல்லுதேன். அவன் நிமிசத்துல தொறந்துருவான்.”

பூவனலிங்கம் எட்டயபுரம் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். கோவில்பட்டியில் பாதி மில் ஆபீஸுக்கு அவன்தான் வைத்தியம். ஆனால் அவன் வந்து திறந்தால், அவன் கண்ணில் முதலில் படப்போவது இரண்டாவது வரியில் இருக்கும் அவன் பெயர்தான். அவன் திறக்காவிட்டாலோ பத்திரிகையே இல்லை. தாய்மாமன் கோபித்துக்கொண்டு போவதா, பத்திரிகை இல்லாமல் கல்யாணம் நடப்பதா என்று அவர் தீப்பெட்டி ஆபீஸுக்கு சைக்கிளை மிதித்துக்கொண்டே யோசித்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஞாபகத்திலிருந்தே பட்டியலை எழுதப் பார்த்தார். ஐம்பத்தெட்டு பேர் வந்தார்கள். மிச்சம் நான்கு பேர் யார் என்று தெரியவில்லை. அந்த நான்கு குடும்பங்களும் வாசலோடு திரும்புகிற காட்சிதான் கண்ணில் தெரிந்தது. தாளைக் கசக்கிப் போட்டார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது பூவனலிங்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு திருப்புளிப் பை.

“பூட்டத் தொறக்கதெல்லாம் கடேசி வேல அத்தான்” என்றான். “மொதல்ல பெட்டி நல்லா இருக்கணும். சீக்காளிப் பெட்டியில பெர்மிசன மாத்தப் போனா, உள்ள இருக்க பைலு மொத்தமாப் போயிரும். ஒங்களுக்குத் தெரியாததா?”

உங்களுக்குத் தெரியாததா என்று யாராவது கேட்டால் கிருஷ்ணராஜ் தெரியாது என்று சொன்னதே கிடையாது. “அதான நானும் நெனைச்சேன் மாப்ள” என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்ததோடு வேலை நின்றது. மறுநாள் காலை லிங்கம் உள்ளே காட்டினான். சிப்பின் தலைமேல் ஒரு அலுமினியச் சீப்பு, அதற்கு மேல் ஒரு சின்ன விசிறி. சிப்பின் சூட்டைச் சீப்பு வாங்கும், சீப்பின் சூட்டை விசிறி ஊதித் தள்ளும். சீப்பின் பற்களுக்கு நடுவே ஆறு வருஷத்துக் கரிசல் தூசி கம்பளி மாதிரி அப்பியிருந்தது. சூடு வெளியே போக வழியில்லாவிட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏழு நிமிஷத்தின் ரகசியம் அங்கே இருந்தது. விண்டோஸைத் தொடாமல் தூசியைத் தட்டியிருந்தாலே போதும்.

கிருஷ்ணராஜ் எழுந்து போய்ச் சைக்கிள் பம்பை எடுத்துவந்தார்.

லிங்கம் விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவர் சைக்கிள் பம்பால் காற்று அடித்தார். நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பித்தளைப் பற்களை ரப்பரால் தேய்த்தார்கள். ஒரு பக்கம் தேய்த்ததும், மறுபக்கமும் தேய்த்தால்தான் நல்லது என்றான். தேய்த்தார்கள். இடையில் கிருஷ்ணராஜ், திங்கட்கிழமை ஆபீஸில் லேபிள் கேட்பார்கள் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும் என்பதை லிங்கம் மூன்று உதாரணங்களோடு விளக்கினான். மூன்றும் நல்ல உதாரணங்கள்.

பிறகு டிஸ்க்கைச் சோதிக்க விட்டான். டிஸ்க்குக்குள் வட்ட வட்டமாகச் சுற்றுகிற தகட்டில் எங்கே பழுது என்று அது ஓரம் ஓரமாகத் தடவிப் பார்க்கும். நூற்றுக்கு எண்பத்திநாலு வந்தபோது கரண்ட் போயிற்று. கரண்ட் வந்ததும் சைபரிலிருந்து தொடங்கியது. சனிக்கிழமை அதோடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சிதறிய பைல்களை ஒழுங்குபடுத்தும் வேலை. ஒரு பைலை வைக்க ஒரே இடத்தில் தோதில்லை என்றால் விண்டோஸ் அதைத் துண்டு துண்டாக்கி, காலியான இடங்களில் எல்லாம் செருகிவிடும். வாசிக்கும்போது டிஸ்க்கின் முள் அங்குமிங்கும் ஓட வேண்டியிருக்கும். துண்டுகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் ஓட்டம் குறையும். திரையில் சிவப்புக் கோடுகள் மெல்ல மெல்ல நீலமாக மாறுவதைக் கிருஷ்ணராஜ் நாற்காலியைப் போட்டு ஐந்து மணி நேரம் பார்த்தார். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. நடுவில் ராமலட்சுமி வந்து, எல்லாம் ஒழுங்காகச் சுத்தமாகிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்கும் கம்ப்யூட்டரில் இவ்வளவு அக்கறை வந்துவிட்டதே என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது.

“இன்னொரு தடவ ஓட்டிருவோமா அத்தான்? ரெண்டாவது தடவதான் அம்சமா வரும்” என்றான் லிங்கம்.

ஓட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு லிங்கம் வந்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, அது விழிக்கும் நேரத்தில் எஃப் எட்டுப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தான். பழுது பார்ப்பதற்கென்றே இருக்கும் சேஃப் மோட் வந்தது. சாதாரண நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூத்த நிர்வாகி அங்கே இருப்பார். அவருக்குப் பாஸ்வேர்டே கிடையாது. அவர் வழியாக உள்ளே போய், போல்டரின் சொந்தக்காரர் இனிமேல் நான்தான் என்று அறிவித்தால் பூட்டு திறந்துவிடும். மொத்தம் நான்கு நிமிஷம் ஆயிற்று.

கிருஷ்ணராஜ் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு திரைக்கும் மைத்துனனுக்கும் நடுவே நின்றார். அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. லிங்கம் தானாகவே எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஒங்க ஆபீஸ் சமாச்சாரம் எனக்கு எதுக்கு அத்தான். பிளாப்பியில ஏத்திக்கிடுங்க.”

தங்கமான பிள்ளை. இவனைப் போய் இரண்டாவது வரியில் போட்டோமே என்று அவருக்கு முதன்முறையாக மனசு உறுத்தியது. ஆனாலும் அண்ணன் முகம் நினைவுக்கு வந்தது. பிளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

அச்சகத்துக்குள் நுழையும்போது மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. எழுத்து கோக்கும் பொன்மணி பிளாப்பியை வாங்கிச் செருகி, பட்டியலைத் திறந்து, முதல் வரியைப் பார்த்தாள். இரண்டாவது வரியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“இது எந்தக் கல்யாணத்துக்கு அண்ணாச்சி?”

சத்யபிரியா கல்யாணம்தான், வேறு எந்தக் கல்யாணம் என்று கிருஷ்ணராஜ் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அவள் பின்னால் இருந்த அலமாரியிலிருந்து ஒரு பத்திரிகையை உருவி மேசைமேல் வைத்தாள். மஞ்சள் தடவக் காத்திருக்கும் புத்தம் புதுப் பத்திரிகை. சத்யபிரியாவின் பெயர் பொன் எழுத்தில் இருந்தது. உறவினர் பெயர்களில் முதல் வரி மட்டும் மற்றதைவிட அகலமாக இருந்தது. இடது பக்கம் புதூர் கொம்பையா, வலது பக்கம் தாய்மாமன் பூவனலிங்கம். ஒரே வரி, ஒரே அளவு எழுத்து. கீழே அவர் எண்ணிப் பார்த்தார். மறந்துபோன நான்கு பேரும் இருந்தார்கள்.

“இது எப்பம்மா அடிச்சது?” என்றார்.

“நேத்துதான் முடிஞ்சுது. வெள்ளிக்கெழம மத்தியானமே ராமலட்சுமி மதினியும் புதூர் அண்ணாச்சியும் சேந்து வந்து, நீங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியாச் சரின்னு சொன்னதப் பேசிச் சிரிச்சிக்கிட்டே எழுதிக் குடுத்துட்டாவ” என்றாள் பொன்மணி. “இங்கன நின்னுதான் மதினி லிங்கம் அண்ணனுக்குப் போன் போட்டு, ‘பத்திரிகக் கட்டு எங் கைக்கு வந்து சேருற வரைக்கும் அந்தப் பெட்டியத் தொடச்சிக்கிட்டே இரு’ன்னு சொன்னாவ.”