சவுனாவை இடிக்க வந்த பூமிக்கதிர்

பூமிக்கு அடியில் ஓடும் கெட்ட கதிரைப் பிடிக்க விஞ்ஞானிகள் திணறலாம். ஃபின்லாந்தின் அந்த ஏரிக்கரை ஊரில் பெரியவர் தாவெத்திக்கு ஒரு குச்சி போதும். குச்சி எங்கே தலை குனிகிறதோ அங்கே கதிர். மாடு பால் சுரக்கவில்லையா, கதிர். மாமியாருக்குத் தூக்கம் வரவில்லையா, கதிர். இப்போது ஐலியின் கார் கிளம்பாததற்கும் கதிர்தான். சனிக்கிழமை காலை அவள் வீட்டு முன்னால் பாதி ஊர் கூடிவிட்டது. காப்பி கிடைக்கும் என்பதும் ஒரு காரணம்.

போன வாரமே தாவெத்தி வந்து காரின் பானெட்டைத் திறந்தார். எதையோ முணுமுணுத்தார். செம்புப் பூண் போட்ட தடியால் உள்ளே மூன்று தட்டு. ஐலியின் கணவன் வெய்க்கோ சாவியைத் திருப்ப, வண்டி உறுமியது. வெய்க்கோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது தற்காலிகம்தான்," என்றார் தாவெத்தி. "கதிர் ஏரியில கிளம்பி, உங்க சவுனா வழியா வண்டிக்கு வருது. சவுனாவ இடிச்சாத்தான் விடிவு."

இடித்த கட்டைகளையும் தோஷம் பரவாமல் தானே எடுத்துப் போவாராம். எப்பேர்ப்பட்ட தியாகம். கோடை வீடு கட்டுகிறவர்கள் பழைய கட்டைக்கு அலைவது அவருக்குத் தெரியாது, பாவம்.

இரண்டு நாளில் வண்டி மறுபடி படுத்துக்கொண்டது. இந்தச் சனிக்கிழமை தாவெத்தி கோடாலியோடு வந்துவிட்டார்.

சவுனா என்ற அந்த ஆவிக் குளியல் வீட்டில்தான் ஐலியின் அம்மா பிறந்தாள். அதன் மேல் கோடாலி விழ ஐலி விடுவதாக இல்லை.

"பெரியவர் சொல்றாரு, கேட்டுத்தான் பாப்போமே," என்றான் வெய்க்கோ.

"உன் தலைய இடிக்கச் சொன்னாலும் கேப்பியா? எல்லாரும் வந்து வண்டியத் தள்ளுங்க."

காரை ரோட்டுக்குத் தள்ளினார்கள்.

"இங்க கதிர் இருக்கா, தாவெத்தி?"

குச்சி நிமிர்ந்தே நின்றது. "இல்லவே இல்ல. சுத்தமான மண்ணு."

ஐலி முகப்பு விளக்கைப் போடச் சொன்னாள். வெய்க்கோ சாவியைத் திருப்பினான். டக். அவ்வளவுதான்.

"விளக்கு மங்கவே இல்ல. அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஸ்டார்ட்டர் மோட்டார்தான் சுத்த மாட்டேங்குது."

"கதிர் வண்டிக்குள்ள ஏறிக்கிச்சு," என்றார் தாவெத்தி.

"சரி, இறக்கி விடுங்க. மந்திரம் மட்டும் போதும். தடி வேண்டாம்."

தாவெத்தி வியர்க்க வியர்க்க முணுமுணுத்தார். டக்.

ஐலி சக்கரம் கழற்றும் ஸ்பேனரை எடுத்தாள். வண்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு பயபக்தியோடு கண்ணை மூடி, "சால்மன் மீனு, உருளைக்கிழங்கு, வெங்காயம், பாலு," என்று ஓதிக்கொண்டே ஸ்டார்ட்டர் மோட்டாரை மெல்லத் தட்டினாள். வெய்க்கோ சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது.

யாரும் கைதட்டவில்லை. அந்த ஊரில் அந்தப் பழக்கம் கிடையாது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"மீன் சூப்புக்கும் அதே சக்திதான் இருக்கு," என்றாள் ஐலி. "உள்ள மோட்டாருக்குக் கரண்ட் குடுக்கிற கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சு. தட்டினா ஒட்டும், அப்புறம் விட்டுரும். அத மாத்தணும். அதுக்கு எதுக்குய்யா என் சவுனாவ இடிக்கிறீங்க?"

தாவெத்தி கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு நழுவினார். பக்கத்து வீட்டு இம்பி அவர் பின்னாலேயே ஓடினாள்.

"தாவெத்தி, எங்க ஃப்ரிட்ஜ் ராத்திரில முனகுது. அப்படியே ஒரு நடை வந்து பாத்துட்டுப் போயிடுங்களேன்."

நின்றுபோன மோட்டாரை வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் தட்டி எழுப்பலாம். நின்றுபோன மூளையை அவரவரேதான் தட்டிக்கொள்ள வேண்டும்.