கொப்பியர் கட்டிய என் இணையத்தளம்

எங்கள் தீவுப்பகுதியில் பொய் சொல்லிக் கெட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். இன்னொருவர் உண்மை பேசியதால் கெட்டுப்போனவள் நான் ஒருத்திதான். கெடுத்தவர் கொப்பியர்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வரவுப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. ஊர்காவற்றுறையில் நாங்கள் படித்த கணினி வடிவமைப்பு வகுப்பில் எல்லோரும் மடிக்கணினியைத் திறக்கும்போது அவர் மட்டும் எண்பது பக்கக் கொப்பியைத் திறப்பார். அதனால் கொப்பியர். மடத்துவெளியிலிருந்து பஸ்ஸில் வருவார். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் முகத்துக்கு நேரே அண்ணை என்போம்.

கடைசி வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் இணையத்தளம் வேண்டும் என்றார் ரீச்சர். நாங்கள் செய்த வேலைகளை வேலை தருபவர்கள் பார்ப்பதற்கான தளம். ஆனால் தன் தளத்தைத் தானே செய்யக்கூடாது, வாடிக்கையாளருக்குச் செய்து பழக வேண்டும் என்று சீட்டுக் குலுக்கினார். என்னுடையது கொப்பியருக்கு விழுந்தது. அவருடையது எனக்கு. பின் வரிசையில் யாரோ நிம்மதியாக மூச்சு விட்டது காதில் விழுந்தது.

எனக்கோ அவசரம். யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனம் வருட முடிவில் வடிவமைப்பாளர்களை எடுக்க இருந்தது. விண்ணப்பத்தில் தளத்தின் முகவரி கட்டாயம். அந்த வேலை கிடைக்காவிட்டால் மலைநாட்டில், பதுளையில் மாமாவின் இரும்புக் கடைக்குப் போய் இருக்கவேண்டும் என்று புளியங்கூடலில் என் வீட்டில் முடிவாகியிருந்தது.

முதல் இரண்டு மாதங்கள் கொப்பியர் கணினியைத் தொடவே இல்லை. கொப்பியில் பெட்டி பெட்டியாகக் கீறினார். யார் பார்ப்பினம், என்னத்தைத் தேடி வருவினம், எந்த இடத்தில களைச்சுப் போவினம் என்று என்னைக் கேட்டார். முகப்புப் பக்கத்தை மட்டும் பதினொரு விதமாக வரைந்தார். நெடுந்தீவில் ஒற்றைக் கோடு சிக்னலிலும் திறக்காத பக்கம் ஒரு பக்கமா என்று அழகான படங்களையெல்லாம் வெட்டினார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பிறகுதான் நான் கொடுத்த பதினான்கு வேலைகளின் பட்டியலை எடுத்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, மேலே ‘ஆதாரம்’ என்று எழுதினார்.

நயினாதீவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு நான் பலகை வடிவமைத்ததாக எழுதியிருந்தேன். மனிதர் குறிகாட்டுவானில் படகேறிப் போய்க் கடைக்காரரை விசாரித்தார். நிறம், படம் எல்லாம் தன் யோசனை என்றும், பிள்ளை எழுத்துத்தான் அடித்தது என்றும் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து ‘எழுத்துகள் மட்டும்’ என்று திருத்தினார். கோயில் திருவிழாப் பதாகையில் நான் செய்தது போன வருடத் திகதியை மாற்றியது மட்டுமே என்று கண்டுபிடித்து அதைத் தூக்கினார். மண்டைதீவுக் கருவாட்டுக் கடைக்கு நான் வரைந்த சின்னத்தைத் தேடிப் போனார். மீன் ஓணான் மாதிரி இருக்கிறதென்று அதை அவர்கள் மாட்டவே இல்லையாம். ‘வரையப்பட்டது, பயன்படுத்தப்படவில்லை’ என்று எழுதிக்கொண்டார்.

ஆங்கிலம் சரளம் என்று போட்டிருந்தேன். மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மழையைப் பற்றி மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் கதைக்கச் சொன்னார். இருமலையும் சேர்த்து ஒரு நிமிடம் பத்து விநாடி தாக்குப்பிடித்தேன். ‘வாசித்தால் விளங்கும்’ என்று மாற்றினார்.

பதினான்கு மூன்றாகச் சுருங்கிய அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அண்ணை, எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவினம்.”

“ஓம். அதாலதான் எல்லாற்ற பக்கமும் ஒரே மாதிரிக் கிடக்கு. உம்மட பக்கத்தைப் பாத்தா உம்மைத் தெரியவேணும்.”

“என்னைத் தெரிஞ்சா வேலை தரமாட்டினம்.”

அவர் நான் சொன்னதைக் கொப்பியில் ‘வாடிக்கையாளர் கருத்து’ என்ற தலைப்பின் கீழ் குறித்துக்கொண்டார்.

ரீச்சர் தளத்தைப் பார்த்துவிட்டு, வடிவமைப்பு என்றால் வகுப்பிலேயே இதுதான் திறம், அதில் இருக்கிற ஆள்தான் கொஞ்சம் குறைவு என்றார்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். தளத்தைப் பெரிய திரையில் திறந்தார்கள். கண் இமைப்பதற்குள் திறந்தது. ‘வரையப்பட்டது, பயன்படுத்தப்படவில்லை’ என்ற வரியை ஒருவர் இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சிரித்தார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. பக்கம் பக்கமாகப் போய்ப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. கடைசியில் அவர் கேட்டார்.

“இந்தத் தளத்தைச் செய்தது ஆர்?”

சொன்னேன். கொப்பியரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வேலையை அவராவது எடுத்திருந்தால் மனம் ஆறியிருக்கும். மாதத்துக்கு எத்தனை தளம் முடிப்பீர்கள் என்று அவர்கள் கேட்டார்களாம். ஒன்றுக்கு எட்டு மாதம் வேண்டும், விசாரிக்கப் போக வேண்டிய இடங்கள் தூரமென்றால் அதற்கும் மேலே என்று இவர் சொன்னாராம். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. நான் அவரை வாயில் வந்தபடி திட்டினேன். தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டார். கொப்பியைத் திறக்காமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

பதுளைக்கு வந்தேன். ஆணிப் பெட்டிகளுக்கும் பூட்டுகளுக்கும் நடுவில் ஒரு கதிரை. குளிர். நான் படித்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை. பொழுது போகாமல் பூட்டு வகைகளுக்கு ஒரு பலகை வரைந்து மாட்டினேன். அடுத்த கிழமை கொப்பியர் தொலைபேசியில் எடுத்தார். என் அம்மாவிடம் கேள்விப்பட்டு மாமாவுடன் ஏற்கனவே கதைத்துவிட்டாராம்.

“பூட்டுப் பலகை நீர் தனியச் செய்ததுதானாம். ஏத்திட்டன். இப்ப நாலு. நல்ல பலகை எண்டும் மாமா சொன்னவர். அதை நான் போடேல்ல. அது அவற்ற அபிப்பிராயம்.”

மாமா என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை.

அதற்குப் பிறகு விலைச்சீட்டு, நாள்காட்டி, பக்கத்துப் பேக்கரிக்கு ஒரு பெட்டி என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். ஒவ்வொன்றையும் அவர் விசாரித்து ஏற்றினார். பேக்கரிக்காரருக்குத் தமிழ் தெரியாது. கொப்பியர் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் இருபது நிமிடம் கதைத்திருக்கிறார்.

அவருடைய தளம் என் பொறுப்பில் அல்லவா விழுந்தது? காட்டுவதற்குத் தான் ஒன்றும் செய்யவில்லை என்று அவர் ஒற்றைக்காலில் நின்றதால், வெறும் பெயரோடு ஒப்படைத்து மட்டுமட்டாகச் சித்தியடைந்திருந்தேன். போன மாதம் கடையில் ஆளில்லாத ஒரு மத்தியானம் அதைத் திறந்தேன். ‘செய்த வேலைகள்’ என்ற இடத்தில் என் தளத்தின் முகவரியைப் போட்டேன்.

அன்று பின்னேரமே எடுத்தார். அழிக்கத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“நீர் போட்டதைப் பாத்தனான். பிழை இல்லை. ஆனா முடிஞ்ச வேலை மாதிரிக் கிடக்கு. இன்னும் நடந்துகொண்டிருக்கு எண்டு போடும்.”

போட்டேன்.